ஒரே தொட்டியில் எத்தனை டேங்? ஒன்றா, மூன்றா, ஒரு கூட்டமா

நாலடித் தொட்டியில் ஒரு எல்லோ டேங் ஒரு வருஷமாக நன்றாக இருக்கிறது. கடைக்கு ஒரு பர்ப்பிள் டேங் வந்திருக்கிறது, வாங்கிப் போடலாமா? கடல்நீர் மீன் வளர்ப்பவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். டேங் என்பது சர்ஜன்ஃபிஷ் குடும்பத்துக் கடல்மீன். மீனின் பெயரும் தொட்டியின் அளவும் ஆளுக்கு ஆள் மாறும், ஆசை ஒன்றுதான். நாலைந்து டேங் சேர்ந்து பாறையை மேய்ந்தபடி போகும் ஒரு பெரிய தொட்டியை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். அதன்பின் ஒற்றை மீன் போதவில்லை.

அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன் என்ற கணக்கில் இதற்கு விடை கிடைக்காது. டேங் விஷயத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: சண்டை வந்தால் எந்த மீனை எப்படிப் பிடிப்பேன், பிடித்ததை எங்கே வைப்பேன்? இதற்கு இன்றைக்கே பதில் இருப்பவர் கொஞ்சம் துணியலாம். பதில் இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய தொட்டி இருந்தாலும் ஒரு டேங் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது

நீளம். டேங் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே நகரும் மீன். அதற்கு ஆழத்தைவிட, லிட்டரைவிட, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தடையில்லாமல் நீந்தும் தூரம் முக்கியம். 120×45×45 செ.மீ. தொட்டி சுமார் 240 லிட்டர், 180×60×60 செ.மீ. தொட்டி சுமார் 650 லிட்டர். இரண்டாவது தொட்டியில் கூடுதலாகக் கிடைக்கும் 400 லிட்டரைவிட, துரத்தப்படும் மீனுக்குக் கிடைக்கும் அந்த இரண்டடிதான் பெரிய லாபம்.

உருவமும் உணவும். சர்ஜன்ஃபிஷ் குடும்பத்தில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவை ஆறு பேரினங்களில் அடங்கும். டேங் எல்லா மீனையும் ஒரே மாதிரி வெறுப்பதில்லை. தன்னைப் போலத் தோற்றமும், தன்னைப் போல உணவும் உள்ள மீனைத்தான் குறிவைக்கும். ஜெப்ராசோமா பேரினத்து மீன்கள் தட்டு போல் அகன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்டவை, பாறை இடுக்கில் இழைப்பாசியைக் கொத்தும். எல்லோ, பர்ப்பிள், ஸ்கோபாஸ், செயில்ஃபின் எல்லாம் இதில் வரும். டினோகீட்டஸ் பேரினத்துக்குச் சீப்புப் பற்கள். பாறையிலும் கண்ணாடியிலும் படியும் மெல்லிய பாசிப்படலத்தை வழித்துத் தின்னும். கோல் டேங், டோமினி டேங் இந்த வகை. பவுடர் ப்ளூ, சோஹால், அக்கிலிஸ் எல்லாம் அகாந்துரஸ். இவை வேகமும் கோபமும் அதிகமுள்ளவை. ப்ளூ டேங் மட்டும் தனிப் பேரினம். கடலில் அதன் பிரதான உணவு மிதவை உயிரிகள். யூனிகார்ன் மீன்கள் நேசோ பேரினம். ஆறாவதான பிரையோனுரஸ் வீட்டுத் தொட்டிக்கு அபூர்வமாகவே வரும்.

வளர்ந்தபின் அளவு. கடையில் எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும். எல்லோ டேங் 20 செ.மீ. வரை போகும், ப்ளூ டேங் 30, செயில்ஃபினும் சோஹாலும் 40, நேசோ 45. கோலும் டோமினியும்தான் 15 செ.மீ.யைச் சுற்றி நின்றுவிடும்.

ஆயுள். ஹவாய்க் கடலில் 40 வயது தாண்டிய எல்லோ டேங்குகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு வருஷத்தில் பெரிய தொட்டி வாங்கிவிடுவேன் என்ற நம்பிக்கையில் மீனை முதலில் வாங்குவது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம்.

நோய். டேங் மீன்கள் இக் என்ற வெள்ளைப்புள்ளி நோயைக் காந்தம் போல இழுக்கும். சண்டையால் நலிந்த மீனை அது முதலில் பிடிக்கும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## சண்டை எப்படி இருக்கும்

படத்தில் பார்ப்பது போலக் கடித்துக் குதறுவது இல்லை. இரண்டு மீனும் பக்கவாட்டில் இணையாக வந்து நிற்கும். முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் முழுக்க விரியும், உடல் இரண்டு மடங்காகத் தெரியும். அப்புறம் ஒன்று வாலை மற்றதன் பக்கம் திருப்பி ஒரு வெட்டு வெட்டும். வாலின் அடியில், இருபுறமும், கத்தி போன்ற ஒரு முள் மடங்கிக் கிடக்கிறது. உடலை வளைக்கும்போது அது வெளியே நீட்டும். எல்லோ டேங்கில் அந்த வெள்ளை முள்ளை வெறும் கண்ணால் பார்க்கலாம். வெட்டு பட்ட இடத்தில் செதில் பெயர்ந்து நேர்கோடாக ஒரு கீறல் விழும், மறுநாள் அதன் ஓரம் வெளுக்கும்.

முதல் ஒரு மணி நேரத் துரத்தலைப் பார்த்துப் பதற வேண்டாம், அது எல்லாத் தொட்டியிலும் நடப்பதுதான். மூன்றாம் நாள் நிலவரம்தான் கணக்கு. தோற்ற மீன் தண்ணீர் மேல்மட்டத்தில், மூலையில், தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் ஓரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். சாப்பாடு போட்டால் வராது. வயிறு உள்வாங்கி, முதுகுப்பக்கம் கூர்மையாகத் தெரியும். வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லாமலேயே இப்படிப் பட்டினி கிடந்து சாகும் மீன்கள் நிறைய.

## வழி 1: ஒரே ஒரு டேங்

நாலடித் தொட்டிக்கு இதுதான் நேர்மையான பதில். அதிலும் கோல் அல்லது டோமினி என்றால் மனநிம்மதி. எல்லோ டேங்கையும் நாலடியில் வைப்பவர்கள் உண்டு, நன்றாகவும் வாழ்கிறது. ஆனால் அது தொட்டியின் முதலாளி ஆகிவிடும் என்பதால் மற்ற மீன்களையெல்லாம் போட்டு முடித்தபின் கடைசியில் விடவேண்டும்.

ஒற்றை டேங்கை ஏதோ சமரசம் போலப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தனியாக இருக்கும் கோல் டேங் முன்கண்ணாடியில் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தடித்த உதட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியில் ஒற்றி, ஒற்றி எடுக்கும். போன வழியெல்லாம் பாசிப்படலத்தில் சின்னச் சின்ன உதட்டுத் தடங்கள் வரிசையாக இருக்கும். போட்டியில்லாத மீன்தான் இப்படி நிதானமாக மேயும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பின்னால் வருகிறது. இரண்டு மூன்று வருஷம் தனியாக ஆண்ட டேங், பிறகு வரும் எந்த டேங்கையும் ஏற்காமல் போகலாம். "இப்போதைக்கு ஒன்று, பிறகு பார்க்கலாம்" என்று தொடங்கினால், அந்தப் "பிறகு" பெரும்பாலும் மூடிய கதவுதான்.

மூன்றடித் தொட்டிக்காரர்களுக்கு: டேங்கே வேண்டாம். பாசி தின்ன லான்மோயர் ப்ளென்னி என்ற சிறு மீன் போதும். ஐந்தடி இருந்து, டேங் சண்டையில் இறங்க மனமில்லாதவர்கள் ஃபாக்ஸ்ஃபேஸ் வைக்கலாம். நம் ஊரில் குழம்பு வைக்கும் ஓரா மீனின் நெருங்கிய சொந்தம் அது. டேங்குகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் கையை விடும்போது கவனம் வேண்டும்.

## வழி 2: வெவ்வேறு பேரினத்திலிருந்து ஒவ்வொன்று

ஆறடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இது. ஒரு டினோகீட்டஸ், ஒரு ஜெப்ராசோமா, ஒரு ப்ளூ டேங். உருவம் மூன்று, வாய் மூன்று, மேயும் இடமும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. மோதலுக்குக் காரணம் குறைவு. ஐந்தடியில் என்றால் கோலும் எல்லோவும் மட்டும், இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வரிசை. சாதுவான மீன் முதலில், முரடன் கடைசியில். கோல் டேங்கை விட்டு, அது நன்றாகச் சாப்பிட்டு இடம் பழகியபின் ப்ளூ டேங், அதன்பின் எல்லோ டேங். ப்ளூ டேங்குக்குப் பதிலாகப் பவுடர் ப்ளூ வேண்டும் என்பவர்கள் அதை எல்லோவுக்கும் பின்னால் வைக்க வேண்டும். பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன். லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கை, அந்தமான் பாறைகளில் வாழ்வது. வரும் தூரம் குறைவு என்பது ஒரு சாதகம்தான், ஆனாலும் இக் பிடிப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. கோரன்டைன் தொட்டி (புதிய மீனை நோய் இல்லையென்று தெரியும்வரை தனியாக வைக்கும் தொட்டி) இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மூன்று மீனையும் ஒரே நாளில் விடுவது இன்னொரு முறை. யாருக்கும் சொந்த இடம் இல்லாத நிலையில் எல்லோரும் புதியவர்கள். கோரன்டைனில் மூன்றையும் சேர்த்தே முடித்தவர்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். ஒவ்வொன்றாக வாங்கும் வசதிதான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். கடையில் கிடைக்கும் வரிசையில் வாங்குவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குத் தொடக்கம்.

## வழி 3: ஒரே இனத்தில் ஒரு கூட்டம்

ஐந்தாறு எல்லோ டேங் மஞ்சள் மேகமாக நகரும் அழகுக்கு ஈடு கிடையாது. இயற்கையிலும் அதற்கு அடிப்படை இருக்கிறது. ஹவாயில் இளம் எல்லோ டேங்குகள் ஆழமான பவளப் புதர்களில் வளர்ந்து, பெரியவையானதும் ஆழம் குறைந்த பாறைகளுக்கு வந்து தளர்வான கூட்டங்களாக மேய்கின்றன. கான்விக்ட் டேங் ஒருபடி மேல்: தனியாகப் போனால் துரத்தியடிக்கும் முரட்டு மீன்களின் இடத்துக்குள் பெருங்கூட்டமாக நுழைந்து பாசியைத் தின்றுவிட்டுப் போகும்.

எண்ணிக்கைதான் பாதுகாப்பு என்ற அந்தக் கணக்கு தொட்டியிலும் செல்லும். இரண்டு இருந்தால் வலியது மெலியதை மட்டுமே அடிக்கும். மூன்று இருந்தால் கடைசி மீனுக்கு இரண்டு எதிரிகள். ஐந்துக்கு மேல் போகும்போதுதான் அடி பலர் மேல் பரவி, யாரும் சாகாத அளவுக்குக் குறைகிறது. எனவே பாதிக் கூட்டம் என்று ஒன்று இல்லை. ஐந்து வைக்க முடியாவிட்டால் ஒன்று வையுங்கள்.

நிபந்தனைகள் கறாரானவை. எல்லாம் சிறியவையாக, ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே நாளில் உள்ளே போக வேண்டும். தொட்டி ஆறடிக்குக் குறையக் கூடாது, எட்டடி இருந்தால் நல்லது. பின்னால் ஒன்று செத்தால் அதற்கு மாற்றாகப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது மிகக் கடினம். கூட்டம் சுருங்கும், நான்காகும், மூன்றாகும், அப்போது பழைய கணக்கு திரும்ப வரும்.

இன்னொன்று விலை. எல்லோ டேங் பெரும்பாலும் ஹவாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2017-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் மீன்வளர்ப்புக்காகப் பிடிக்க அனுமதி தரக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2021 தொடக்கத்தில் வணிகப் பிடிப்பு நின்றது. விலை எங்கோ போய்விட்டது. நல்ல விஷயம் என்னவென்றால், ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-இலேயே எல்லோ டேங்கைப் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்துக் காட்டியிருந்தது. அடுத்த வருஷம் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில் ப்ளூ டேங்கும் வளர்ந்தது. இப்போது சந்தையில் பண்ணை எல்லோ டேங் உண்டு. ஒன்றாகவே வளர்ந்த சிறு மீன்கள் என்பதால் கூட்டம் வைக்க இவைதான் பொருத்தம். பணம் இருந்தால் இதற்குச் செலவழியுங்கள், கடலுக்கும் நல்லது.

## வழி 4: நெருங்கிய உறவுகள் ஒன்றாக

எல்லோ, பர்ப்பிள், செயில்ஃபின் மூன்றும் ஒரே தொட்டியில். அல்லது பவுடர் ப்ளூவும் அக்கிலிஸும். படமெடுக்க அற்புதமாக இருக்கும் சேர்க்கை, நான் பரிந்துரைக்காத சேர்க்கை. செங்கடலிலிருந்து வரும் பர்ப்பிள் டேங் ஜெப்ராசோமாக்களில் மிக முரடு. அதை எல்லோவோடு போடுவது ஒரே தட்டுக்கு இரண்டு பேரை உட்கார வைப்பது. சோஹாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளர்ந்த சோஹால் தொட்டிக்குள் விடும் கையையே வெட்டும்.

எட்டடிக்கு மேல் தொட்டி, மறைவிடங்கள் நிறைந்த பாறை அமைப்பு, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடும் ஏற்பாடு, தயாராக ஒரு தனித் தொட்டி: இந்த நான்கும் இருப்பவர் முயன்று பார்க்கலாம். அப்போதும் பர்ப்பிள் மற்ற இரண்டையும்விடச் சிறியதாக இருக்கட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரே டேங் | வெவ்வேறு பேரினம், மூன்று | ஒரே இனக் கூட்டம், ஐந்து+ | நெருங்கிய உறவுகள் |
|---|---|---|---|---|
| குறைந்தபட்ச நீளம் | 4 அடி (சிறிய இனம்) | 6 அடி | 6 அடி, 8 நல்லது | 8 அடி |
| சண்டை | இல்லை | குறைவு, வரிசை தப்பினால் நடுத்தரம் | தொடக்கத்தில் பரவலாக, பின் அடங்கும் | அதிகம் |
| மீனுக்கான செலவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம் |
| கோரன்டைன் | ஒரு சிறு தொட்டி | ஒன்று, மூன்று தடவை | எல்லாம் கொள்ளும் பெரியது | பெரியது, தடுப்புகளோடு |
| பிறகு மீன் சேர்ப்பது | கடினம் | முடியும், முரடனுக்கு முன்பு வரை | ஏறக்குறைய முடியாது | முடியாது |

## கடைக்காரர் சொல்லாத செலவுகள்

முதலில் எடை. ஆறடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் சுமார் 660 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, பீம் எங்கே போகிறது என்று கேட்டபின் இடம் குறியுங்கள்.

அடுத்தது சூடு. தொட்டித் தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. தண்ணீர் சூடாக ஆக ஆக்ஸிஜன் குறையும், ஓயாமல் நீந்தும் டேங்குகளுக்குத் தேவையோ மற்ற மீன்களைவிட அதிகம். கரண்ட் போய், தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கர் நின்றால் முதலில் மூச்சு வாங்குவது இவைதான். ஒரு டேங் தாக்குப்பிடிக்கும் நேரத்தை ஐந்து டேங் தாக்குப்பிடிக்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

தண்ணீர் மாற்றும் செலவும் உண்டு. பத்து சதவீதம் மாற்ற நாலடித் தொட்டிக்கு 24 லிட்டரும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பும் போதும். ஆறடிக்கு 65 லிட்டர், இரண்டேகால் கிலோ உப்பு. டேங் நிறையத் தின்னும், அதற்குத் தக்கபடி கழிவும் விடும். அதனால் கூட்டம் வைத்தவருக்குக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் ஒரு அளவு பெரியதாக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரியது நோய்ச் செலவு. இக் நோயின் ஒட்டுண்ணி மீன்மேல் சில நாள் இருந்துவிட்டு உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடு கட்டிப் பெருகும். பல நாள், சில சமயம் பல வாரம் கழித்து வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். வெள்ளைப்புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைப்பது இதனால்தான் தவறு. தொட்டியிலிருந்து அதை ஒழிக்க வேண்டுமானால் எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுத்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைப்பதுதான் வளர்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் முறை. ஐந்து டேங்கை அத்தனை நாள் எங்கே வைப்பீர்கள்?

நம் நாட்டில் கடற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், பெரும்பாலும் மீனும் பாறையும் மட்டும் உள்ள தொட்டிகளே இங்கே அதிகம். பவளம் இல்லையே, இக்குக்குக் கொடுக்கும் காப்பர் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றலாமே என்று கேட்கிறார்கள். கூடாது. சுண்ணாம்புப் பாறை காப்பரை உறிஞ்சிக்கொள்ளும், மருந்தின் அளவு நிலையாக நிற்காது. இறாலும் நத்தையும் சாகும். எந்த வழியைத் தேர்ந்தாலும் புதிய டேங் முப்பது நாளாவது தனித் தொட்டியில் இருந்தபின்தான் பெரிய தொட்டிக்குள் வர வேண்டும்.

## யாருக்கு எது

நாலடியில் ஏற்கெனவே எல்லோ டேங் வைத்திருப்பவர்: பர்ப்பிள் வேண்டாம், எந்த டேங்கும் வேண்டாம். புதிதாக ஆறடி அமைப்பவர், கோரன்டைனுக்கு இடமும் பொறுமையும் உண்டு: வழி 2, வரிசை தப்பாமல். எட்டடி, நல்ல பட்ஜெட், காலித் தொட்டி: பண்ணையில் வளர்ந்த எல்லோ டேங் ஐந்தோ ஏழோ, ஒரே நாளில். பழைய ஆறடித் தொட்டியில் முரட்டு டேங் ஒன்று வருஷக்கணக்காக இருக்கிறது, இன்னொன்று வேண்டும்: கோல் டேங்கை முயன்று பார்க்கலாம், கீழே சொல்லும் முன்னேற்பாட்டோடு.

துளையிட்ட கண்ணாடி அக்ளிமேஷன் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, புதிய மீனை ஒரு வாரமாவது அதற்குள் வையுங்கள். பழைய மீன் வெளியிலிருந்து துடுப்பை விரித்து முட்டிப் பார்க்கும். அந்த வேகம் தணிந்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே அமைதியாக மேயத் தொடங்கிய பிறகு, விளக்கு அணைந்தபின் திறந்துவிடுங்கள். அதற்கு முன்னால் பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்கினால் பழைய மீனின் எல்லைகள் கலையும். பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் முரட்டு மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கு நிற்கும், புதியதற்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளை ஒரே கிளிப்பில் மாட்டாமல் தொட்டியின் இரண்டு முனையிலும் மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மூன்றாம் நாள் புதிய மீன் மூலையிலேயே நின்று சாப்பிட மறுத்தால், காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள். எடுக்க வேண்டியது பெரும்பாலும் அடிப்பவனை. அவன் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கட்டும், அதற்குள் புதிய மீன் இடம் பழகிவிடும். வலையால் பிடிக்காதீர்கள், வால்முள் வலையில் சிக்கினால் மீனும் கிழியும் உங்கள் கையும் கிழியும். நோரி வைத்த பொறிப்பெட்டியில் தானாக நுழைய விட்டு, தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுப்பதே சரி. அந்தப் பொறிப்பெட்டியை இரண்டாவது டேங் வாங்கும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.